நடப்பான் என்று சொன்னேன்

நான் சொன்னதில் தப்பே இல்லை என்று எங்கள் குழுவில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். தலைவர் சொன்னார், பொருளாளர் சொன்னார், கூட்டத்துக்கே ஒழுங்காக வராத துணைத்தலைவர்கூட வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைப் போட்டார். அப்படியும் அந்தக் காலைப்பொழுது எனக்குச் செரிக்கவில்லை.

குழு என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மலேசியாவில் தோட்டத்துப் பட்டணங்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். வேலை ஓய்வு பெற்றவர்கள், கோயில் கமிட்டியில் கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள், வீட்டில் சும்மா உட்கார முடியாதவர்கள், அவ்வளவுதான். பாரம் நிரப்பிக் கொடுப்போம். ஓகேயு கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டைக்கு, டாக்டர் கையெழுத்து வாங்க கிளினிக்குக் கூட்டிப் போவோம். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் போய்விட்ட கிழவிகளை வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்போம். நல இலாகாவிலிருந்து வீடு பார்க்க வந்தால் கூடவே போய் மலாயும் தமிழும் மாற்றிச் சொல்வது என் பொறுப்பு. நான் தமிழ்ப்பள்ளி ஆபீசில் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்தவள். ஒருநாளும் வகுப்பு எடுத்ததில்லை, ஆனாலும் ஊருக்கே டீச்சர்.

அந்த அக்காவை எனக்குத் தோட்டத்திலிருந்தே தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு புல்லுக்கு மருந்தடித்தவர். மகனுக்கு மூளை வளர்ச்சி குறைவு, வலிப்பும் உண்டு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போவார். வளர்ந்த பிறகும் லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது ஒருத்தர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவன் ரோட்டுப் பக்கம் நடந்தால் எதிரே வருகிறவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். யாரும் அதற்கு உதவி என்று பெயர் வைத்ததில்லை. தோட்டம் கைமாறி, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் மலிவு வீடு கிடைத்து எல்லாரும் வெளியேறினோம். தண்ணீர் கரண்டு எல்லாம் நன்றாக வந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அக்கா சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவப் போகும் நேரத்தில் கிரில் கேட்டைப் பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார். எங்கள் குழு இத்தனை பாரத்தையும் பைலையும் வைத்துக்கொண்டு செய்வது, அந்த லயம் சும்மா செய்துகொண்டிருந்ததில் பாதிகூட வராது என்று எனக்குத் தோன்றும். தலைவரிடம் சொன்னால் கோபப்படுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை செய்ய முடியாத ஓகேயு-வுக்கு மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு. படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் பராமரிப்பவருக்கு வேறொன்று. 2021-ல் இரண்டையும் உயர்த்தினார்கள். முதலாவது 250 ரிங்கிட் வெள்ளியிலிருந்து 300 ஆனது, இரண்டாவது 350-லிருந்து 500 ஆனது. அதற்கு அடுத்த வருஷம்தான் இந்த அக்கா மனு போட்டார். அதிகாரி வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் சாயந்திரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நாளைக்கு வர்றவங்ககிட்ட அவன் படுத்த படுக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"பார்க்கலாம்க்கா" என்றேன்.

மறுநாள் போனால் அவன் உண்மையிலேயே படுத்துக் கிடந்தான். ராத்திரி வலிப்பு வந்து, மாத்திரை போட்டு, ஹாலில் மெத்தையில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தான். அதிகாரி சின்னப் பெண், நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பைலை விரித்தார். கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மலாயில், "எப்போதும் இப்படித்தானா, ஆன்ட்டி?" என்றார்.

"இல்லை, ராத்திரி வலிப்பு வந்தது, அதனால் தூங்குகிறான். மற்ற நாளில் நடப்பான்" என்றேன்.

அக்கா அடுப்படியில் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். அந்த அளவு மலாய் அவருக்கு நன்றாகவே புரியும். தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "ஆமாம், நடப்பான்" என்று அவரும் மலாயில் சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்தார். அதிகாரி போன பிறகு என்னிடம், "நடக்கிறதுதானே டீச்சர் பிரச்சனையே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, விலைவாசி பேசுகிற மாதிரி சொன்னார்.

300 கிடைத்தது. 500 கிடைக்கவில்லை.

என் பக்க நியாயம் இதுதான். படுத்த படுக்கை என்றால் டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும். கிளினிக்கில் எல்லாருக்கும் அவனைத் தெரியும், மருந்து கவுண்டரில் பெல்லை விடாமல் அடிக்கிறவன் அவன். பொய் அங்கே நின்றிருக்காது, கிடைத்த 300-க்கும் ஆபத்து வந்திருக்கும். அதோடு நான் ஒருத்திக்காகப் போகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்கு அதே அதிகாரியோடு போக வேண்டும். ஒரு வீட்டில் நான் சொன்னது பொய் என்று தெரிந்தால், உண்மையிலேயே படுக்கையில் கிடக்கிறவர் வீட்டிலும் என் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

இவ்வளவும் சரிதான். ஆனால் இதில் ஒன்றுகூட அந்த நேரத்தில் என் மனத்தில் ஓடவில்லை. கேட்டார்கள், சொன்னேன். முப்பது வருஷம் ஆபீசில் இருந்தவளுக்குக் கட்டத்தைப் பார்த்தால் நிரப்பத்தான் வரும். நியாயமெல்லாம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

அப்புறம் அந்தப் "பார்க்கலாம்க்கா". முடியாது என்பதை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆனால் சரி என்பதையும் அப்படித்தான் சொல்வோம். அவர் எதை எடுத்துக்கொண்டு அன்று ராத்திரி தூங்கினார் என்று தெரியவில்லை. வலிப்பு வந்த பிள்ளையோடு தூங்கினாரா என்பதே சந்தேகம்.

அக்கா சொன்னதை நினைக்க நினைக்க அது சரி என்றே படுகிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்ப்பது லேசு என்று சொல்லவில்லை. புரட்டிப் போட வேண்டும், புண் வராமல் காக்க வேண்டும், என் மாமியாருக்கு நான் செய்திருக்கிறேன். ஆனால் அவர் எங்கேயும் ஓடவில்லை. நான் கதவைத் திறந்து போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய் வந்தேன். இவன் நடப்பான். ஆள் உயரம், பலசாலி. லாரி போகிற ரோட்டில் இறங்குவான், அடுத்த வீட்டில் நுழைந்து ஐஸ்பெட்டியைத் திறப்பான், கேஸ் அடுப்பைத் திருகுவான். இவனைப் பார்த்துக்கொள்வதே ஒரு முழுநேர வேலை, ஆனால் அதற்குப் போய்ச் சேர வேண்டிய பணம் எந்தக் கட்டத்திலும் இல்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், உடம்பில் மனத்தில் உள்ள குறையோடு, வெளியே இருக்கும் தடைகளையும் சேர்த்தே பேசுகிறது. பணம் கொடுக்கும் இடத்துக்கு வரும்போது, மெத்தையில் கிடக்கிறாரா இல்லையா என்பதில் வந்து நிற்கிறது.

நடப்பான் என்றதோடு நிறுத்தாமல், நடப்பதால் என்னென்ன நடக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்றாள் என் மகள். சொல்லியிருக்கலாம். அதனால் 500 கிடைத்திருக்காது, விதி அப்படி. ஆனால் அக்கா காதில் அது விழுந்திருக்கும்.

பிறகு அவனைப் பிடிகே நிலையத்தில், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு நிலையத்தில், சேர்த்துவிட்டோம். 1984-ல் திரெங்கானுவில் பத்து ராக்கிட்டில் சோதனையாகத் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. அரசாங்கம் காசு கொடுக்கும், பெற்றோரும் உள்ளூர்க்காரர்களும் குழுவாக இருந்து நடத்துவார்கள். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு மலாய் தெரியாது, எப்படியோ ஓடுகிறது. காலையில் போய் மதியம் வந்துவிடுவான். அந்த நேரத்தில் கேட்டைப் பூட்ட வேண்டியதில்லை. இதைத்தான் எங்கள் தலைவர் வெற்றி என்று கூட்ட அறிக்கையில் எழுதினார். நானும் ஆட்சேபிக்கவில்லை.

இப்போதெல்லாம் அதிகாரி வருவதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து, என்ன கேட்பார்கள், உள்ளதை எப்படி முழுசாகச் சொல்ல வேண்டும் என்று பேசிவிடுகிறேன். இது சொல்லிக்கொடுத்துப் பேசவைப்பது என்கிறார் தலைவர். விளக்குவதுதான் என்கிறேன் நான். போன கூட்டத்திலும் இது முடியவில்லை.

அக்காவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மூத்தோர் உதவித்தொகை 2025-லிருந்து 600 வெள்ளி என்று யாரோ சொல்லி, ஐசியை, அடையாள அட்டையை, எடுத்துக்கொண்டு என்னிடமே வந்தார். அது ஆதரவு இல்லாத முதியவர்களுக்கு, பிள்ளைகள் கொடுப்பதையும் கேட்பார்கள். ஜொகூரில் இருக்கும் மகள் சில மாதம் அனுப்புவாள், சில மாதம் அனுப்ப மாட்டாள். அந்த வரியில் என் பேனா நின்றபோது அக்கா, "இதையும் சொல்லணுமா டீச்சர்?" என்றார்.

"கேட்டால் சொல்லணும்க்கா. அனுப்பாத மாசத்தையும் சேர்த்துச் சொல்வோம். வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

புத்தகத்தோடு இன்னும் வரவில்லை. பாரம் என்னிடம்தான் இருக்கிறது.