சிலம்பு விற்கப் போனவளிடம் விடைபெற்றோம்

"சித்ரா பௌர்ணமி முடியட்டும், அப்புறம் லாரி பேசிக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அப்பாவும் தம்பியும் வாயைத் திறக்கவில்லை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் எங்கள் வீடு. வீடு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அது லயம், தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீடு. வேலை இருக்கும்வரைதான் உரிமை. அப்பா முன்பே ஓய்வு பெற்றார், இந்த வருஷம் அம்மாவுக்கும் வேலை முடிந்தது. கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நான் வாழ்க்கைப்பட்டது திருப்பூரில், தம்பி அங்கேயே பனியன் கம்பெனியில் டெய்லர். எங்கள் தெருவிலேயே ஒரு சின்ன வாடகை வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சாமான்களை விற்று ஒழிக்க உதவியாக நான் முன்கூட்டியே மலையேறி வந்தேன்.

விற்க என்ன இருக்கிறது? மண் எஸ்டேட்டுடையது, சுவர் எஸ்டேட்டுடையது. கொல்லையில் அப்பா நட்ட பலாவும் அதில் ஏறிய மிளகுக்கொடியும்கூட இருந்த இடத்தில்தான் இருக்கும். எடுத்துப் போகக்கூடியது சாமான், கோழி, ஒரு மாடு. குமுளியிலிருந்து பழைய சாமான் எடுக்கிறவர் வந்தார். அம்மா சீட்டுப் பிடித்து வாங்கிய பீரோவைத் தட்டிப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, இரும்பு எடைக்குக் கேட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். டீயைக் குடித்ததும் அவரே கொஞ்சம் விலையை ஏற்றினார். கட்டிலும் டிவி ஸ்டாண்டும் கீழ் லயத்தில் புதிதாகக் கல்யாணமான பையனுக்குப் போயின. பணம் அடுத்த சம்பளத்தில். அந்தச் சம்பளம் வரும்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம் என்று தம்பி சொன்னான். "ஜிபே இருக்குல்ல" என்றாள் அம்மா!

மாட்டை வாங்கியது பக்கத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் மலையாளத்து அக்கா, எங்களுக்குச் சேச்சி. சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். விலை பேசி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. இருவருக்குமே முடிக்க மனமில்லை என்றுதான் எனக்குப் பட்டது. பேரம் முடிந்துவிட்டால் தினமும் வந்து உட்கார்ந்து பேச என்ன காரணம் இருக்கிறது?

ஆட்டுரலை மட்டும் யாரும் கேட்கவில்லை. சாமி படங்களை விற்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. குத்துவிளக்கை எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்தோம். அந்த மாரியம்மனே ஒருவகையில் குடிபெயர்ந்து வந்தவள்தான். அப்பாவின் தாத்தா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலையேறி வந்தவர்கள் ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து வந்து இங்கே வைத்தார்களாம். இப்போது அம்மா அதே திண்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டாள். திருப்பூர் வாடகை வீட்டில் அதை எங்கே வைப்பது என்று நான் கேட்கவில்லை, அவள் ஏற்கெனவே யோசித்திருப்பாள்.

இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்தது மங்கலதேவி.

மங்கலதேவி கண்ணகி கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், 1,337 மீட்டர் உயரத்தில், தமிழக எல்லையை ஒட்டிய மலைமுகட்டில் இருக்கிறது. பக்தர்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் வழி திறக்கிறார்கள். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்பில் போனால் சுமார் 14 கிலோமீட்டர். தமிழகப் பக்கம் லோயர்கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம், 6 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், செங்குத்தான ஏற்றம். கால் பலம் உள்ளவர்கள் அப்படி ஏறுவதைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். அம்மாவின் முழங்கால் தேயிலைச் சரிவிலேயே தேய்ந்துவிட்டது. அதனால் ஜீப்.

விடியும் முன்பே குமுளியில் வரிசை நின்றுவிட்டது. காலை 6 மணிக்கு மேல்தான் விடுவார்கள், பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடுவதில்லை, மாலை 5 மணிக்குள் எல்லாரும் இறங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில், கவர் எதுவும் கூடாது. பையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எவர்சில்வர் தூக்கில் புளியோதரையும் பித்தளைச் செம்பில் தண்ணீரும் எடுத்துப் போனோம். மாடு வாங்கிய சேச்சியும் எங்களோடு வந்தார். அவருக்கு அவள் பகவதி, திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்காலை வைக்கப் போகிற அதே பக்தி. எங்களுக்குக் கண்ணகி. ஜீப் ஓட்டுநருக்கு அன்றைக்கு எத்தனை நடை அடிக்க முடியும் என்பதுதான் பிரார்த்தனை.

பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாறை, குழி, மறுபடி பாறை. ஜீப்பில் போனவர்களுக்கு மறுநாள் இடுப்பு சொல்லும்.

காட்டைத் தாண்டிப் புல்மேடு தொடங்கியதும் காற்று மாறியது. ஒருபுறம் அடர்ந்த பச்சை, மறுபுறம் மலை அப்படியே சரிந்து, கீழே கூடலூரும் கம்பம் பள்ளத்தாக்கும். வைகைக் கரையைப் பிடித்து மதுரையிலிருந்து மேற்கே நடந்தால் தேனி வரும், அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கு, அது முட்டி நிற்கும் இடத்தில் இந்த மலை. சிலப்பதிகாரத்தில் கண்ணகி இரவென்றும் பகலென்றும் பாராமல் வைகையின் ஒரு கரையைப் பற்றி நடந்து, நெடுவேள்குன்றம் ஏறி, பூத்த வேங்கை மரத்தடியில் நின்றாள் என்று வருகிறது. கோவலன் இறந்த பதினான்காம் நாள் வானவூர்தியில் அவனோடு போனாள் என்கிறது கதை. பார்த்தவர்கள் மலைக்குறவர்கள். அவர்கள் சொல்லித்தான் சேரன் செங்குட்டுவனுக்குத் தெரிந்தது. அவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, தோற்ற வடநாட்டு அரசர் கனக விசயர் தலையில் ஏற்றிக் கொண்டுவந்து கோயில் எடுத்தான், விழாவுக்கு இலங்கையிலிருந்து கயவாகு மன்னனும் வந்திருந்தான் என்று காப்பியம் சொல்லும். அந்தக் கண்ணகி கோட்டம் இதுதான் என்று 1963இல் அடையாளம் காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். காப்பியம் சொல்லும் வழியைக் காலால் நடந்தே தேடியவர் அவர்.

அப்பா பள்ளியில் படித்த வரிகளை இன்றும் மறக்கவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கிக் கோயில் வரிசையில் நின்றபோது, மதுரையை விட்டு வெளியேறுகையில் அவள் சொன்னதை மெல்லச் சொன்னார்: "கீழ்த்திசை வாயில் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு." அப்போதுதான் எனக்குக் கதையின் முதல் பாதி நினைவுக்கு வந்தது. அவர்கள் பூம்புகாரை விட்டதே சாமான் விற்றுப் பிழைக்கத்தான். கைப்பொருளெல்லாம் போய் வெட்கப்பட்டு நின்றவனிடம், சிரித்த முகத்தோடு 'சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்றவள் அவள். விடியும் முன், இருட்டோடு, பெற்றவர்களிடமும் மாமன் மாமியிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினார்கள். வழியில் கோயில்களை வலம் வந்ததுதான் அவர்கள் ஊரிடம் பெற்ற விடை.

ஏன் அம்மா இந்த ஒரு நாளுக்காக லாரியை நிறுத்தி வைத்தாள் என்று அதுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டிருந்தால், "வருஷா வருஷம் போறதுதானே" என்றிருப்பாள். ஆனால் சொல்லிக்கொள்ளாமல் போனவளிடம் போய்ச் சொல்லிக்கொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றியது. வீட்டுப் பொருளை விற்றுவிட்டு ஊரை விடுகிற பெண்ணின் வயிறு எப்படிக் கலங்கும் என்று கண்ணகிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோயில் பாழடைந்தது. அலங்காரமாகச் சொல்லவில்லை, கூரை இழந்த கல் மண்டபங்கள், சரிந்து கிடக்கும் பெரிய பெரிய கற்கள், இடையில் புல். அன்று ஒரு நாள் மட்டும் மாலையும் வாழையும் மாவிலையும் கட்டி, அம்மனுக்குப் பட்டும் பூவும் சார்த்துகிறார்கள். ஒரு சந்நிதியில் கேரள முறையில் பூஜை, இன்னொன்றில் தமிழ் முறையில். சேச்சி அங்கே நின்றார், அம்மா இங்கே நின்றாள். பிறகு இருவரும் இடம் மாறி நின்றார்கள். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது இந்தப் பக்கத்துப் பீர்மேடு தாலுகா கேரளத்தில் நின்றதையும், இந்தக் கோயில் யாருக்கு என்ற வழக்கையும் பேச ஆரம்பித்தால் ஆண்கள் நிறுத்த மாட்டார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்ந்ததும் அவர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், பேச்சு அங்கேயே அறுந்தது.

தமிழ்ப் பக்கச் சந்நிதியில் பெண்களுக்கு மஞ்சள் கயிறும் குங்குமமும் வளையலும் தந்தார்கள். மதுரையை விட்டுப் போகும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் வளையலை உடைத்துவிட்டுப் போனவள் கண்ணகி. அவள் வாசலில் பெண்களுக்கு வளையல்! அம்மா அங்கேயே அதைப் போட்டுக்கொண்டாள். கொழுந்து பறித்துப் பறித்துத் தடித்த விரல்கள், வளையல் ஏற மறுத்தது. சேச்சி அவள் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து, கொஞ்சம் விளக்கெண்ணெய் கேட்டு வாங்கித் தடவி ஏற்றிவிட்டார். இரண்டு பேருமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். காற்று என்று சொல்லிக்கொண்டார்கள்.

அம்மா என்ன வேண்டினாள் என்று தெரியாது. நெடுநேரம் உதடு அசைந்தது. எனக்குக் கேட்டது கடைசி வரி மட்டும்: "போயிட்டு வர்றேன் தாயி."

இங்கேயும் பிடிமண் எடுப்பாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இது காப்பகம், ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அவள் குனியவே இல்லை. திரும்பும்போது, "இவ எங்கேயும் வர மாட்டா, நாமதான் வரணும்" என்றாள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாப்பாட்டையும் தண்ணீரையும் எடுத்துப் போங்கள், வயதானவர்களுக்கு நிழல் குறைவு, சித்திரை வெயில் மலையிலும் சுடும். ஜீப்புக்குத் திரும்பி நிற்கும் வரிசை ஏறும்போது நின்றதைவிட நீளம். அதைக் கணக்கில் வைத்துச் சீக்கிரம் இறங்கத் தொடங்குங்கள். எங்கள் புளியோதரை அந்த வரிசையில்தான் காலியானது, பாதியை முன்பின் தெரியாதவர்கள் சாப்பிட்டார்கள்.

இறங்கும் ஜீப்பில் அம்மாவும் சேச்சியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சேச்சிக்கு ஒரு யோசனை. ஆட்டுரலை அப்படியே விட்டுப் போகச் சொன்னார், மகனை அனுப்பித் தன் வீட்டுக்கு உருட்டிக்கொள்வாராம். அம்மா காசு வேண்டாம் என்றாள். சேச்சி கொடுத்தே தீருவேன் என்றார். மாட்டுக்கு நடந்த பேரம் திரும்பவும் தொடங்கியது, இந்தத் தடவை தலைகீழாக.

"சரி, காசு வேண்டாம். மாடு கன்னு போட்டா சீம்பால் குடுத்து விடு."

"திருப்பூருக்கோ? பஸ்ஸிலேயே திரிஞ்சு போகும்."

"அப்ப வெச்சிரு. அடுத்த சித்ரா பௌர்ணமிக்கு நான் வருவேன்."

"அதுவரைக்கும் சீம்பாலோ?" என்று சேச்சி சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அப்பா, ரோட்டைப் பார்த்து ஓட்டும்படி அவரிடம் சொல்லிவிட்டு, தம்பியிடம் லாரிக்காரர் நம்பரைக் கேட்டார்.