ஒரு பவுண் கடிதம்

3 பெப்ரவரி 2024, சனி

மாமா ஒரு பாஸ்மதி அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸிப் (zip) வைத்த பத்துக் கிலோப் பை. உள்ளே அரிசி இல்லை, இருபது வருடக் கடிதங்கள்.

"பிள்ளை, இந்தக் காட் ஒப்பந்தம் செல்லுமோ எண்டு ஒருக்காப் பார்."

2003 இல் எடுத்த கிரெடிட் காட். அப்போது லண்டன் ஈஸ்ட்ஹாமில் கடை வைத்திருந்தார். பேரங்காடி வாசலில் மேசை போட்டிருந்த பெடியன் பேனாவை நீட்ட, இவர் கையெழுத்து வைத்திருக்கிறார். கடை 2010 இல் மூடியது. வங்கி கடனை ஒரு வசூல் கம்பனிக்கு விற்றது. அன்றிலிருந்து மாதம் 5 பவுண் கட்டுகிறார். மீதி 3,740. கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்: இன்னும் 62 வருடமும் நாலு மாதமும். மாமாவுக்கு வயது 71.

"அப்ப 133 இல முடியும்" என்றார், சிரிக்காமல்.

கம்பனி இப்போது கூடக் கட்டச் சொல்கிறதாம். இரவுச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் போன் வருகிறது. மணி அடித்தாலே மாமி சோற்றுக் கோப்பையை மூடிவிடுகிறார்.

4 பெப்ரவரி, ஞாயிறு

நான் சட்டத்தரணி இல்லை. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் மற்றவர்களின் வாட் வரிக் கணக்கு எழுதுகிறவள். ஆனாலும் பிரித்தானியாவின் 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தை ஒரு தோழிக்காக முன்பே ஒரு தரம் படித்திருக்கிறேன்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது திகதி. ஒப்பந்தம் 6 ஏப்ரல் 2007 க்கு முந்தியது என்றால் அந்தச் சட்டத்தின் பழைய 127(3) பிரிவு கடன்பட்டவருக்கு இன்னும் காவல். கடன் எல்லை, வட்டி வீதம், எப்படித் திருப்பிக் கட்டுவது என்ற மூன்றும் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட பத்திரத்தில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நீதிபதியே இரக்கப்பட்டாலும் கம்பனிக்குத் தீர்ப்புக் கொடுக்க முடியாது. பிந்திய ஒப்பந்தம் என்றால் அது நீதிபதியின் விருப்பம். மாமா நாலு வருடத்தால் தப்பினார்.

இந்தப் பிரிவு எவ்வளவு கடுமையானது என்பதற்கு வில்சன் வழக்கு. ஒரு பெண் தன் பிஎம்டபிள்யூவை அடகு வைத்து 5,000 பவுண் எடுத்தார். ஆவணக் கட்டணம் 250 ஐயும் சேர்த்து, கடன் தொகை 5,250 என்று அடகுக்காரர் எழுதிவிட்டார். 2003 இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போயும் அடகுக்காரர் தோற்றார். 250 பவுணை எந்த வரியில் எழுதுவது என்பதில் வந்த பிழை, அவ்வளவுதான். வாட் கணக்கு எழுதுகிற எனக்கு இதைப் படிக்க வயிற்றைக் கலக்கியது.

ஆனால் மாமா கேட்ட "செல்லுமோ" என்ற சொல்தான் இடிக்கிறது. இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை. நீதிமன்றத்தில் வைத்து வசூலிக்க முடியாமல் போகிறது. கடன் கடனாகவே நிற்கும். கம்பனி கேட்கலாம், கடன் பதிவிலும் காட்டலாம். 2009 இல் மக்கஃபிக் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு.

5 பெப்ரவரி, திங்கள்

அதே சட்டத்தின் 78 ஆம் பிரிவின் கீழ் கம்பனிக்குக் கடிதம் எழுதினோம்: ஒப்பந்தத்தின் பிரதியும் கணக்கு விபரமும் தாருங்கள். கட்டணம் 1 பவுண். கடனை ஒப்புக்கொள்வதாகவும் எழுதவில்லை, மறுப்பதாகவும் எழுதவில்லை. கையெழுத்து வைத்தால் அதை வெட்டி ஒட்டி விடுவார்கள் என்று யாரோ மாமாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத பயமாகப் பட்டது. ஆனாலும் அவர் பெயரை அச்செழுத்தில்தான் எழுதினார். "காசுக்கட்டளை இப்பவும் இருக்கோ?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே தபால் நிலையத்தில் போஸ்டல் ஓடர் வாங்கினார். பதிவுத் தபாலில் போயிற்று.

24 பெப்ரவரி, சனி

கடிதம் 7 ஆம் திகதி போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு வேலை நாள் நேற்றோடு சரி. பதில் இல்லை.

"அப்ப முடிஞ்சுதோ?"

இல்லை மாமா. பிரதி தராமல் இருக்கும் வரைக்கும்தான் அவர்கள் வழக்கில் வெல்ல முடியாது. நாளைக்கே ஒழுங்கான பிரதி தந்தால் இந்தத் தடை போய்விடும். 78 போட்ட பூட்டைத் திறக்கலாம். 127(3) போட்ட பூட்டைத் திறக்க முடியாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் 2009 வாக்கில் "உங்கள் காட் கடனை அழித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்த கம்பனிகள் முற்பணம் வாங்கின. மாமாவின் கூட்டாளி ஒருவரும் கொடுத்து ஏமாந்தவர். இலவசமாக வழி சொல்ல நஷனல் டெட்லைன், ஸ்டெப்சேஞ்ச் என்ற கடன் ஆலோசனை அமைப்புகள் இருக்கும்போது!

9 மார்ச், சனி

உறை வந்தது. பதினொரு பக்கம், முன்னால் ஒரு கடிதம், எங்கள் போஸ்டல் ஓடர் மாற்றப்படாமல் கிளிப்பில். "2003 இல் நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் உண்மைப் பிரதி" என்று எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து இல்லை. அது பரவாயில்லை. மூலத்தைப் படம் பிடிக்கத் தேவையில்லை, தங்களிடம் உள்ள தகவலைக் கொண்டு திரும்பத் தட்டச்சு செய்து தரலாம் என்று 2009 டிசம்பரில் கேரி வழக்கில் நீதிபதி வாக்ஸ்மன் சொல்லிவிட்டார். ஆனால் அது ஒப்பந்தம் செய்த நாளில் இருந்த பெயரையும் விலாசத்தையும் காட்ட வேண்டும்.

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "இதென்ன, ஹரோ விலாசம் கிடக்கு? அப்ப நாங்கள் ஈஸ்ட்ஹாமிலல்லோ இருந்தனாங்கள்!"

நான் வட்டி வீதத்தைத் தேடிக்கொண்டிருந்ததில் முதல் பக்கத்து விலாசத்தைக் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். ஏழாம் பக்கம், கட்டணங்கள்: பிந்திக் கட்டினால் 12 பவுண். கொஞ்சம் நின்றேன். 12 என்ற அந்த எண்ணுக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. 2006 ஏப்ரலில், நுகர்வோர் நலனைக் கவனித்த அரச அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம், 12 பவுணுக்கு மேற்பட்ட தண்டக் கட்டணம் நியாயமற்றது என்று கருதுவோம் என அறிவித்த பிறகுதான் வங்கிகள் எல்லாம் அதற்கு இறங்கி வந்தன. அதற்கு முன் 20, 25 என்று அடித்தார்கள். அரிசிப் பைக்குள் கையை விட்டேன். 2004 ஓகஸ்ட் ஸ்டேட்மென்ட்: பிந்திய கட்டணம் 20 பவுண்.

2003 இன் ஒப்பந்தம் என்று பிந்திய காலத்து நிபந்தனைகளை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் மாறிய நிபந்தனைகளும் தரத்தான் வேண்டும், ஆனால் முதலில் இருந்ததோடு சேர்த்து.

10 மார்ச், ஞாயிறு

இரண்டு பிழையையும் குறித்து, 2004 ஸ்டேட்மென்ட் பிரதியோடு பதில் எழுதினேன். மாமாவுக்கு ஒன்றைச் சொல்லி வைத்தேன்: பிரதி பிழை என்பதால் மூலம் பிழை என்று ஆகாது. அவர் கையெழுத்திட்ட தாள் எங்காவது களஞ்சியத்தில், மூன்று நிபந்தனையும் சரியாக அச்சாகிக் கிடக்கலாம்.

28 மார்ச், வியாழன்

நாளை பெரிய வெள்ளி, இன்று கடிதம். மூலத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். "தற்போது நீதிமன்றம் மூலம் நடைமுறைப்படுத்த முடியாது, மீதி தொடர்ந்து இருக்கிறது." எனக்குச் சரியான பதில்தான். மாமாவுக்கு இரண்டாம் பாதிதான் கண்ணில் பட்டது.

30 மார்ச், சனி

நானாக இருந்தால், வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் அந்த 5 பவுண் ஸ்டாண்டிங் ஓடரை இன்றே நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு 5 பவுணும், வழக்குப் போடுவதற்கான ஆறு வருடக் காலக்கெடுவை முதலிலிருந்து ஓட விடுகிறது. நிறுத்தினால் கடைசிக் கட்டணத்திலிருந்து ஆறு வருடத்தில் வழக்குக்கும் வழி அடைபடும். மாமா நிறுத்தச் சம்மதித்தார். ஆனால், "எடுத்த காசு எடுத்ததுதானே" என்றார். சீட்டுக் காசு 300 பவுண் வந்திருக்கிறது, அதைக் கொடுத்துக் கணக்கை மூடப் போகிறாராம்.

சரி. முழுக் கணக்கும் இதோடு முடிந்தது என்று அவர்கள் எழுத்தில் தந்த பிறகே காசு போகும் என்று கடிதம் தட்டச்சு செய்தேன். மாமா கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் படித்தார்.

"போன் நம்பர் போடாதை."

போடவில்லை. இந்த முறை கையெழுத்து வைத்தார்.