படிக்கட்டுக்கு அடியில்

பிப்ரவரி 3
ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஜன்னல் பக்கம் படுக்கை கிடைத்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

பிப்ரவரி 4
இன்றைக்கும் மார்ஷல் கதைதான். 1955, அப்பாவுக்கு 14 வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தாத்தா, டேவிட் மார்ஷல் பேசுவதைக் கேட்க எம்பிரஸ் பிளேஸ் மரத்தடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "ஒரு வார்த்தை புரியலம்மா. அந்தப் புருவத்தையே பாத்துட்டு நின்னேன். ரெண்டும் புதர் மாதிரி." சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர், உட்கார ஓர் அறை இல்லை. மரத்தடியிலேயே மேசை போடுவேன் என்று மிரட்டிய பிறகுதான் படிக்கட்டுக்கு அடியில் சின்னதாக ஒன்று கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது.

பிப்ரவரி 5
தூக்கமில்லை. ஆக்சிஜன் இறங்கியது, ஏறியது.

பிப்ரவரி 6
வாட்டர்லூ தெரு. கிருஷ்ணன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, அதே தெருவிலிருக்கும் யூதத் தொழுகைக்கூடத்தின் எதிரே சும்மா நின்றேன். 1878இல் திறந்தது. மார்ஷலின் வீடு ஆசாரமான யூத வீடு, பாக்தாத் வழி வந்த குடும்பம். ஜப்பானியரிடம் போர்க்கைதியாகி ஹொக்கைடோவில் அடிமை வேலை செய்துவிட்டுத் திரும்பியவர், 1946இல் யூதர் நல வாரியத்தின் முதல் தலைவர். ஊரிலேயே ஒரு கைப்பிடி ஆட்கள்தான். அவர்கள் ஓட்டை வைத்து ஒரு தொகுதியைக்கூடப் பிடிக்க முடியாது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர் ஆட்சியில்தான், 1956இல், சட்டமன்றத்தில் தமிழிலும் பேசலாம் என்று ஆனது. சின்னக் கூட்டத்தில் பிறந்ததால்தான் அடுத்த சின்னக் கூட்டத்தின் வலி தெரிந்தது என்று நான் நம்புகிறேன்.

பிப்ரவரி 7
வெள்ளி. டாக்டர் முடியாது என்றுவிட்டார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

பிரிட்டிஷாரிடமிருந்து சுயாட்சி கிடைக்காவிட்டால் விலகுவேன் என்று சொல்லிவிட்டு லண்டன் போனார் மார்ஷல். கிடைக்கவில்லை. 1956 ஜூன் 7, விலகினார். மொத்தம் 14 மாதம். அப்புறம் அதே வருடம் சீனா போய், ஷாங்காயில் மாட்டிக்கொண்டிருந்த யூதர்களை வெளியே விடச் சொல்லி சீனப் பிரதமர் சூ என்லாயிடம் கேட்டார். கையில் பதவி கிடையாது. கேட்டார், விட்டார்கள்.

நான் சொன்ன வெள்ளிக்கிழமை போய்விட்டது.

பிப்ரவரி 8
கஞ்சி இரண்டு கரண்டி.

பிப்ரவரி 9
அக்கா பினாங்கிலிருந்து பஸ் ஏறிவிட்டாள். காலையில் அப்பா கண்ணைத் திறந்து, "அந்த மரம் இன்னும் இருக்கா?" என்றார். சாயங்காலம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.