முதலீட்டு வங்கி வேலைக்கு முதுநிலைப் படிப்பு: நான் பார்க்கத் தவறிய தேதி

வெளிநாட்டில் முதலீட்டு வங்கியில் சேரும் எண்ணத்தோடு நிதியியல் முதுநிலைப் படிப்பைத் தேடுபவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தப் பல்கலைக்கழகம் உயர்ந்தது? நானும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினேன். ஆறு மாதங்கள் தரவரிசைப் பட்டியல்களையும் பாடத்திட்டங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஆனால் நான் சேரவிருந்த படிப்பு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஒருமுறைகூடக் கவனித்துப் பார்க்கவில்லை. கையில் வந்திருந்த ஒரு கோடைக்கால இன்டர்ன்ஷிப் அந்தத் தேதியால்தான் பறிபோனது.

நடந்தது இதுதான். பிரிட்டனில் 12 மாத முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருந்தேன். மாணவர் விசாவில் அங்கே பாடக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம். இளநிலை மாணவருக்குக் கோடைக்காலம் விடுமுறை. ஓராண்டு முதுநிலை மாணவருக்கோ அது ஆய்வேடு எழுதும் காலம், ஆகவே விதிப்படி அதுவும் பாடக் காலமே. வங்கி இன்டர்ன்ஷிப்போ ஜூன் மாதம் தொடங்கி ஒன்பது, பத்து வாரங்கள் முழுநேரமாக நடப்பது. நேர்காணல்கள் அனைத்தையும் கடந்து, கடைசியாக ஆவணங்களைச் சரிபார்த்த கட்டத்தில், என் படிப்பு முடியும் தேதி செப்டம்பர் என்பதைக் கண்ட வங்கி மரியாதையாகக் கைவிரித்துவிட்டது. அவர்கள் மீது தவறு இல்லை. இந்த விதி சேர்க்கைக்கு முன்பே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். யாராவது எடுத்துச் சொல்லியிருக்கவும் வேண்டும். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அதே நாட்டில் ஒன்பது அல்லது பத்து மாதங்களில் முடிந்துவிடும் படிப்புகளும் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் நிதிப் பொருளாதார முதுநிலைப் படிப்பு 9 மாதங்களே. இத்தகைய படிப்பில் சேர்ந்தவர் கோடையின் தொடக்கத்திலேயே படிப்பை முடித்துவிடுவதால், விசா காலாவதியாகும் நாள்வரையாவது முழுநேரம் வேலை செய்ய முடிகிறது. படிப்புக்குப் பின் விசா தரும் அந்த இடைவெளியும் ஒரே அளவினது அல்ல: 12 மாதங்களோ அதற்கு மேலோ நீளும் படிப்புக்கு நான்கு மாதங்கள், அதைவிடக் குறுகிய படிப்புக்கு இரண்டு மாதங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. மிலானில் உள்ள பொக்கோனி பல்கலைக்கழகத்தின் நிதியியல் படிப்பைப் போன்றவற்றில் நடுவில் ஒரு முழுக் கோடை கிடைக்கிறது. பிரான்ஸில் இன்டர்ன்ஷிப் செய்யக் கல்வி நிறுவனமும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்பதால், அங்கே மாணவராக இருப்பதே ஆறு மாதப் பயிற்சிப் பணிகளுக்கான நுழைவுச் சீட்டாக அமைகிறது. விதி ஒரு நாட்டில் தடையாகவும் இன்னொன்றில் வாசலாகவும் அமைவதை, சேர்வதற்கு முன்பே அறிந்தவர் பேறு பெற்றவர்.

இன்டர்ன்ஷிப்பை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று சிலருக்குத் தோன்றலாம். பெரிய வங்கிகள் தங்கள் அனலிஸ்ட் எனப்படும் தொடக்க நிலை இடங்களில் பெரும்பங்கை முந்தைய கோடையில் தங்களிடம் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே நிரப்புகின்றன. பட்டம் பெற்ற பிறகு நேரடியாக முழுநேர வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு எஞ்சுவது குறைவு. அடுத்த கோடைக்கான விண்ணப்பங்களை லண்டன் வங்கிகள் பல, முந்தைய ஆண்டின் கோடை முடிவதற்குள்ளாகவே திறந்துவிடுகின்றன. கடைசித் தேதிவரை காத்திருக்காமல் வந்த வரிசையிலேயே பரிசீலிக்கவும் செய்கின்றன. செப்டம்பர் இறுதியில் விமானத்திலிருந்து இறங்கி, அக்டோபரில் பல்கலைக்கழகம் நடத்தும் சுயவிவரப் பட்டறையில் அமர்ந்து, நவம்பரில் முதல் விண்ணப்பத்தை அனுப்புபவர் பாதி இடங்கள் நிரம்பிய பிறகு கதவைத் தட்டுகிறார். எண்திறன் தேர்வு, பதிவுசெய்து அனுப்பும் வீடியோ நேர்காணல், மூன்று நிதிநிலை அறிக்கைகளும் (லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை) ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்ற கேள்விக்குத் தயக்கமில்லாத விடை, இவை அனைத்தும் வகுப்பு தொடங்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

நியூயார்க்கைக் குறிவைப்பவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. அமெரிக்க வங்கிகள் அனலிஸ்ட் இடங்களுக்கு இளநிலை மாணவர்களை ஓராண்டுக்கும் முன்னதாகவே தேர்ந்தெடுக்கின்றன. அதற்கு அடுத்த நிலையான அசோசியேட் இடங்களுக்கு எம்பிஏ மாணவர்களை எடுக்கின்றன. நிதியியல் முதுநிலைப் பட்டம் இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் நிற்கிறது. மேலும், படிப்பின் ஒரு பகுதியாக வெளியே வேலை செய்யும் அனுமதியைப் பெற, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்திருக்க வேண்டும். எம்ஐடியின் நிதியியல் முதுநிலைப் படிப்பு 12 மாதம், 18 மாதம் என இரண்டு வடிவங்களில் இருப்பதை, செலவு வேறுபாடு என்று மட்டும் நினைத்துக் கடந்துவிடக் கூடாது. நீண்ட வடிவத்தில்தான் நடுவே கோடை இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்கிறது. பட்டம் பெற்ற பின் வேலை செய்ய எல்லோருக்கும் 12 மாதங்கள் கிடைக்கின்றன. படித்த படிப்பு அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பிரிவில் வகைப்படுத்தப்பட்டிருந்தால் மேலும் 24 மாதங்கள். ஒரே பெயருள்ள இரண்டு படிப்புகளில் ஒன்று அந்த வகையில் இருக்கும், மற்றொன்று இருக்காது. அதன்பின் அங்கே தொடர்ந்து வேலை செய்யத் தேவைப்படும் ஹெச்-1பி விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 65,000. அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் இந்த எண்ணிக்கையைத் தாண்டும்போது, உயர்ந்த சம்பள நிலைக்குக் கூடுதல் வாய்ப்புத் தரும் குலுக்கல் முடிவு செய்கிறது. 12 மாதங்கள் மட்டும் கையில் உள்ளவருக்கும் 36 மாதங்கள் உள்ளவருக்கும் குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை எவ்வளவு வேறுபடும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து வேலை அனுபவம். புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கான படிப்பும், சில ஆண்டுகள் நிதித்துறையில் இருந்தவர்களுக்கான படிப்பும் பெயரால் பிரித்தறிய முடியாதபடி இருக்கின்றன. கேம்பிரிட்ஜின் நிதியியல் முதுநிலைப் படிப்பும், லண்டன் பிசினஸ் ஸ்கூலின் நிதியியல் முதுநிலைப் படிப்பும் அனுபவம் உள்ளவர்களுக்கானவை. அதே லண்டன் பிசினஸ் ஸ்கூல் புதியவர்களுக்கென்று நிதிப் பகுப்பாய்வில் தனிப் படிப்பு வைத்திருக்கிறது. ஐந்து ஆண்டு அனுபவத்தோடு, 22 வயது மாணவர்கள் நிறைந்த வகுப்பில் சேர்ந்த நண்பர் ஒருவரை நான் அறிவேன். வங்கிகள் அவரை அனலிஸ்ட்டாக எடுக்கத் தயங்கின. எம்பிஏ இல்லாததால் அசோசியேட்டாகவும் அழைக்கவில்லை. அறிவில் அவர் எங்கள் எல்லோரையும் விட ஒரு படி மேல் என்பதே என் வருத்தம்.

பாடத்திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலீட்டு வங்கியின் இணைப்பு, கையகப்படுத்தல் பிரிவிலும் பங்கு வெளியீட்டுப் பிரிவிலும் அன்றாட வேலை கணக்கியலும் நிறுவன மதிப்பீடும்தான். கணிதம் நிரம்பிய நிதிப் பொறியியல் படிப்புகள் பங்கு, பத்திரங்களை வாங்கி விற்கும் வர்த்தக மேசைக்கும் இடர் மேலாண்மைக்கும் இட்டுச் செல்பவை. பிரின்ஸ்டனின் இரண்டு ஆண்டுப் படிப்பு அத்தகைய கணித வழியில் மிக உயர்ந்த ஒன்று. ஆனால் நிறுவனங்களை வாங்கி விற்கும் ஒப்பந்தங்களில் பணியாற்ற விரும்புபவர் அதன் பெயருக்காக மட்டும் அங்கே போவது பொருந்தாது. முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ என்ற தொழில்முறைத் தேர்வுகளும் அப்படியே: சொத்து மேலாண்மையில் அவற்றுக்குப் பெரும் மதிப்பு உண்டு, முதலீட்டு வங்கி நேர்காணலில் அவை ஆர்வத்துக்குச் சான்றாக மட்டுமே நிற்கும்.

தரவரிசையை முற்றிலும் ஒதுக்கச் சொல்லவில்லை. ஃபைனான்ஷியல் டைம்ஸ் 2011 முதல் நிதியியல் முதுநிலைப் படிப்புகளை வரிசைப்படுத்தி வருகிறது. அதில் பெரும் எடை பெறும் சம்பளம், பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து, நாடுகளின் வாங்கும் திறனுக்கேற்பத் திருத்தி அளக்கப்படுவது. அது ஆலோசனை நிறுவனம், வங்கி, தொழிற்சாலை நிதிப்பிரிவு என எல்லா வேலைகளையும் சேர்த்த எண். உங்களைப் போலவே விசா தேவைப்படும் ஒருவர், முன் இன்டர்ன்ஷிப் எதுவும் இல்லாமல் அங்கே சேர்ந்து, இணைப்புப் பிரிவில் இடம் பெற்றாரா என்பதை அந்த எண் சொல்லாது. அதை அறிய ஒரே வழி, லிங்க்ட்இன்னில் சென்ற இரண்டு ஆண்டு மாணவர்களில் இருபது பேரின் பாதையை ஒவ்வொன்றாகப் படிப்பது. அந்த வேலைக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. ஆனால் நான் அதைச் செய்தது சேர்ந்த பிறகு. வங்கியில் இடம் பெற்றிருந்த பெரும்பாலானோர் முதுநிலைக்கு முன்பே ஓர் இன்டர்ன்ஷிப்பாவது செய்திருந்தார்கள். பல்கலைக்கழகம் அவர்களை வங்கியாளர்களாக ஆக்கியது என்பதைவிட, பாதி வழி வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டது என்பதே சரி.

மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மனும், பாரிஸில் பிரெஞ்சும், மிலானில் இத்தாலியனும் இல்லாமல் வாடிக்கையாளர் முன் அமரும் பிரிவுகளில் சேர்வது மிகக் கடினம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது என்பது வேலையும் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதற்கு உறுதி ஆகாது.

என் கதை கெட்டுப் போய்விடவில்லை. ஆய்வேட்டை முடித்தபின், பிரிட்டனில் தங்கி வேலை தேடவும் செய்யவும் அனுமதிக்கும் பட்டதாரி விசா பெற்றேன். கோடைக்கு வெளியே நடக்கும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புகளுக்கு விண்ணப்பித்து, சிறிய ஆலோசனை வங்கி ஒன்றில் நுழைந்தேன். அதன் முடிவில் அங்கேயே வேலையும் கிடைத்தது. அந்த விசா எனக்கு முழுமையாக 2 ஆண்டுகள் தந்ததால்தான், ஐந்து மாதங்கள் வேலையின்றிக் கழிந்தும் ஆறு மாதங்கள் பயிற்சிக்காக ஒதுக்க முடிந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்தக் காலம் 18 மாதங்களாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் அங்கே ஓராண்டுப் படிப்பில் சேர்பவர் இந்தக் குறுகிய கணக்கைக் கொண்டே தம் திட்டத்தை வகுக்க வேண்டியிருக்கும்.