ஒரு மணி நேர ஜோக்கும் ஊர் ஊரான பயணமும்

மேடையில் தனியாக நின்று ஜோக் சொல்லும் ஸ்டாண்டப் காமெடிக்குச் சென்னையில் ஓபன் மைக் மேடை ஏறுவது பெரிய காரியமில்லை. யார் பெயரைக் கொடுத்தாலும் நாலைந்து நிமிடம் கிடைக்கும். பின்வரிசையில் ஒருவர் செல்போன் லைட்டைக் காட்டினால் முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அந்த நாலைந்து நிமிடத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு மணி நேரமாக்குவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியூர் போவது தனித் தொழில்.

போகாமலும் இருக்க முடியாது. தமிழ் ஸ்டாண்டப் பார்க்கச் சென்னையில் வருபவர்கள் பெரும்பாலும் அதே முகங்கள். நல்ல ஜோக்கை யூடியூபில் போட்டால் ஆள் சேரும், ஆனால் அதற்கப்புறம் அந்த ஜோக்கை மேடையில் சொல்ல முடியாது. இப்போது எல்லோரும் கிரவுட் வொர்க் வீடியோவாகப் போட்டுத் தள்ளுவது இதனால்தான். பார்வையாளரிடம் அங்கேயே பேச்சுக் கொடுத்து வந்த சிரிப்பு அது. கைவசம் இருக்கும் சரக்கு செலவாகாது.

மதுரையில் முதலில் இடம் கேட்டு அலைந்தபோது, “மிமிக்ரி பண்ணுவீங்களா தம்பி?” என்றுதான் கேட்டார்கள். விஜய் டிவியில் 2005-ல் தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’தான் அவர்களுக்கு அளவுகோல். 2019-ல் ஸ்டாண்டப் காமெடியன் அலெக்ஸாண்டர் பாபுவின் நிகழ்ச்சி பிரைம் வீடியோவில் வந்ததைச் சொன்னால் சிலருக்குச் சட்டென்று புரியும். “அவர் பாடுவாரே, நீங்க?” என்பார்கள். நான் பாடினால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஜோக்கும் ஊருக்கு ஊர் மாறும். அபார்ட்மென்ட் வாட்ஸப் குழு பற்றி நான் சொல்வதற்கு ஓஎம்ஆர் பக்கம் கைதட்டல் விழும். மதுரையில் மரியாதைக்குப் புன்னகைப்பார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பற்றியது நேர்மாறு. சென்னைக்காரர்கள் லேசாகச் சிரிப்பார்கள். அதிகாலை நாலு மணிக்கு அங்கே இறங்கி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிய தென்மாவட்டத்துக்காரர்கள், நான் முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிடுவார்கள்.

ஊருக்குப் போனதும் முதல் வேலை நாற்காலி. அறுபது நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஆள் இல்லாதவர் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார். பாதியை எடுத்து மூலையில் அடுக்கிவிட்டு, மீதியை மேடையை ஒட்டி நெருக்கிப் போடுவேன். லேட்டாக வருபவர்களுக்குப் பிறகு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பார்வையாளர் பக்கம் ட்யூப்லைட்டை அணைக்க வேண்டும். நடத்துவது காபிக் கடையாக இருந்தால், ஷோ முடியும்வரை மிக்ஸி ஓடாது என்று கல்லாவில் இருப்பவரிடம் வாக்கு வாங்க வேண்டும். மைக்கை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 60 பேர், தலைக்கு 299 ரூபாய் என்றால் 17,940. அது அரங்கம் நிறைந்தால். அதில் டிக்கெட் தளத்துக்குக் கமிஷன், இடத்துக்கு வாடகை, எனக்கு முன்னால் மேடையேறிப் பேசும் ஓப்பனருக்குச் சம்பளம், ரயில், லாட்ஜ். தட்காலில் போனால் இன்னும் கரையும். பெங்களூரு பரவாயில்லை, அங்குள்ள தமிழர்கள் வார இறுதியில் கூடுதல் விலைக்கும் வருகிறார்கள். உண்மையில் வீட்டு வாடகை கட்டுவது கம்பெனிகளின் ‘ஃபேமிலி டே’தான். அரசியல் வேண்டாம், மதம் வேண்டாம், மேனேஜர் பற்றி வேண்டாம் என்று முன்கூட்டியே மெயில் வரும். பேசிய தொகையில் பத்து சதவீதத்தை டிடிஎஸ் என்று வரிக்காக முன்கூட்டியே பிடிப்பார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதிப் பணம் வரும்வரை அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் இப்போதெல்லாம் பாதியை முன்பணமாக வாங்காமல் தேதி கொடுப்பதில்லை.

ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக முடிவது உள்ளூர் ஓப்பனர்களால்தான். சென்னையிலிருந்து நண்பரைக் கூட்டிப் போனால் இரண்டு டிக்கெட் செலவு. அந்த ஊர்ப் பையனோ பெண்ணோ பத்து நிமிடம் பேசினால், அவர்களுடைய கூட்டாளிகளே இரண்டு வரிசையை நிரப்புவார்கள். ஊர்க்காரர்களுக்கு எதைச் சொன்னால் கோபம் வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அடுத்த முறை இடம் பிடித்துக் கொடுப்பதும் அவர்களேதான். சேலத்தில் அப்படி ஒரு தம்பி மாடி ஹால் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறார். வாடகை குறைவு, ஆனால் நட்டநடுவில் தூண் நிற்கிறதாம். போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.