ஆள் குறைந்தால் தெரியும் இடம்

படையிலிருந்து விலகி வருபவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, அடுத்து என்ன வேலை என்பதைத்தான். வேலை அவசியமே, ஆனால் நல்ல வேலையும் போதிய சம்பளமும் கிடைத்த பின்னும் விலகாத ஒரு வெறுமை உண்டு.

உறக்கம், உழைப்பு, ஓய்வு மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் அமைப்புகளைப் பற்றி 1961-இல் எழுதிய சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், சிறை, மனநல மருத்துவமனை, துறவு மடம் ஆகியவற்றோடு ராணுவ முகாமையும் சேர்த்தே பேசினார். சிறையோடு ஒரே வரிசையில் வைத்தது படையினருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்தியது. இருந்தாலும், எப்போது எழுவது, என்ன உடுத்துவது, யாருக்கு வணக்கம் வைப்பது என்பதை எல்லாம் பிறர் தீர்மானித்த வாழ்க்கை முடிந்ததும், தோளில் இருந்த பட்டையோடு ஒரு நாளின் வடிவமும் சேர்ந்து போய்விடுகிறது என்பதை மறுக்க முடியவில்லை.

நான் அதிகம் இழந்தது மரியாதையை அன்று. காலை அணிவகுப்பில் ஓர் ஆள் குறைந்தால் உடனே தெரியும். காவல் மாற்ற நான் போகாவிட்டால் இன்னொருவர் உறங்க முடியாது. வெளியே வந்த பின், நான் ஒரு நாள் முழுவதும் அறையைவிட்டு வராவிட்டாலும் எவருடைய வேலையும் தடைபடவில்லை. இதைச் சுதந்திரம் என்று நண்பர்கள் வாழ்த்தினார்கள்!

முன்பு கன்னியாஸ்திரியாக இருந்து பின்னர் சமூகவியலாளரான ஹெலன் ரோஸ் எபாக், ஒரு பொறுப்பைவிட்டு விலகியவர் அதற்கு முன்பு இருந்த ஆளாகத் திரும்புவதில்லை என்றும், விட்டு வந்த பொறுப்பின் மிச்சம் அவருடைய புதிய அடையாளத்திலும் கலந்தே இருக்கும் என்றும் 1988-இல் விளக்கினார். ஆகவே பழையதைத் துடைத்தெறியச் சொல்லும் அறிவுரைகளை நான் பொருட்படுத்துவதில்லை. நான் யார் என்று உட்கார்ந்து யோசித்ததாலும் பெரிய பலன் விளையவில்லை. முதலுதவி கற்பிக்கும் தன்னார்வக் குழுவில் சேர்ந்த பிறகே நாட்களுக்கு மீண்டும் ஒரு பிடிமானம் வந்தது. ஏனெனில் நான் போகாவிட்டால் அன்றைய வகுப்பு நடக்காது. அங்கே ஆணையிட முடியாது, குருதிப்போக்கை நிறுத்தக் காயத்தை ஏன் விடாமல் அழுத்த வேண்டும் என்று கேட்பவருக்குப் பொறுமையாகக் காரணம் சொல்லியாக வேண்டும். சில நாட்களில் அது சலிப்பூட்டுகிறது; ஆயினும் அடுத்த வகுப்புக்கான கட்டுத்துணிகளை எடுத்து வைக்கும் பொறுப்பையும் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.