நாற்பதைத் தாண்டிய கண்ணும் கம்ப்யூட்டர் திரையும்: முதலில் தூரத்தை அளந்து பாருங்கள்

"செல்போன் பார்த்துப் பார்த்தே கண்ணு போச்சு" என்ற புலம்பல் பாதிதான் உண்மை. கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்துக்குத் திரை காரணமில்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற இறுகிவிடுகிறது. கிட்டத்தில் பார்க்க அது குவிய வேண்டும், குவிய முடிவதில்லை. கம்ப்யூட்டரைத் தொடாதவருக்கும் ஊசியில் நூல் கோர்க்கும்போது இது தெரிந்துவிடும். திரையால் வரும் தொல்லை வேறு: பொருந்தாத கண்ணாடியோடு நாளெல்லாம் மல்லுக்கட்ட வைக்கிறது, கண்ணை உலர்த்துகிறது.

படிக்கிற பவரைச் சுமார் 40 செ.மீ. தூரத்துக்குத்தான் பரிசோதித்துத் தருவார்கள். புத்தகத்துக்கு அது சரி. மேசைக் கம்ப்யூட்டரோ 60, 70 செ.மீ. தள்ளி இருக்கிறது. 100ஐ செ.மீ. தூரத்தால் வகுத்தால் தேவையான டயாப்டர், அதாவது கண்ணாடி பவரின் அளவு, கிடைக்கும்: 40 செ.மீ.க்கு 2.5, 65 செ.மீ.க்குச் சுமார் 1.5. அறுபதை நெருங்கியவர் +2.50 கண்ணாடியோடு திரையைப் பார்த்தால் எழுத்து மங்கும். அவர் முன்னால் குனிவார், சாயங்காலம் முதுகு பிடித்துக்கொள்ளும்.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரசிவ் லென்ஸில் சங்கடம் வேறு மாதிரி. அதில் கிட்டப் பார்க்கும் பவர் அடிப்பகுதியில் இருக்கிறது, திரை நேரெதிரே இருக்கிறது. அடிப்பகுதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே உட்கார வேண்டியிருக்கும். பின்கழுத்து வலிக்கிறது என்று எக்ஸ்ரே எடுக்க ஓடுமுன், வேலை செய்யும்போது மோவாய் எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். கண்ணிலிருந்து திரைவரை ஒருவர் டேப் வைத்து அளக்கட்டும். அந்த அளவைக் கண் பரிசோதிப்பவரிடம் சொல்லி, அந்தத் தூரத்துக்கென்றே சிங்கிள் விஷன் (முழுக்க ஒரே பவர் உள்ள) கண்ணாடி கேளுங்கள். தூரப் பார்வைக்கும் பவர் உள்ளவர்களுக்கு அதோடு கூட்டிக் கணக்கிடுவார்கள். ப்ரோக்ரசிவைவிட விலை குறைவு. ஆனால் மேசையோடு சரி. அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, தூரம் மங்கும். ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான், கருவிழியின் வளைவுக் கோளாறைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரும் இருக்காது. இரு கண்ணுக்கும் பவர் வேறுபட்டால் அது தலைவலியில் முடியும்.

அடுத்து, உலர்ந்த கண். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரை முன்னால் அது பாதிக்கும் கீழே போகிறது, அதிலும் பல அரைகுறை இமைப்புகள். இமை விளிம்புச் சுரப்பிகளின் எண்ணெய்தான் கண்ணீரை ஆவியாகாமல் மூடிக் காக்கிறது, ரசத்தின் மேல் மிதக்கும் நெய்ப் படலம் போல. முழுதாக இமைத்தால்தான் அந்த எண்ணெய் வெளியே வரும். வயதானால் அந்த எண்ணெயே குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வது இன்னும் கூடுதல். சில சளி, அலர்ஜி மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும்.

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பார்வை தாழ்ந்தால் கண் திறந்திருக்கும் பரப்பு குறையும். ஃபேன், ஏசி காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியை மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைத்து, பிறகு விளிம்பை மெல்ல நீவுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும், ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நனைக்காவிட்டால் பயனில்லை. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காததாகக் கேட்டு வாங்குங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து வேண்டாம், நிறுத்தியதும் சிவப்பு திரும்பிவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கண் அழுத்தத்தைக் கூட்டும், புரை வளர்க்கும்.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் பணம் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2023இல் 17 ஆய்வுகளை அலசியது. கண் அயர்ச்சியை அந்தக் கண்ணாடி குறைப்பதாகத் தெரியவில்லை.

பவர் சில வாரங்களிலேயே ஏறி இறங்கினால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, மின்னல் வெட்டியது போல ஒளி தெரிந்து கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ அன்றைக்கே விழித்திரை மருத்துவரிடம் போக வேண்டும். அறுபதுக்கு மேல் கண்ணாடியில்லாமலே பேப்பர் படிக்க முடிகிறது என்று சிலர் மகிழ்வார்கள்; லென்ஸின் நடுவில் புரை முற்றிவருவதாலும் அப்படி ஆகும், காட்டிவிடுவது நல்லது.